புரிட்டோவா, டாகோவா, கிண்ணமா? மெக்சிகன் உணவில் எதைக் கேட்டு வாங்குவது

ஒரே சமையலறை, ஒரே கோழி, ஒரே பீன்ஸ். ஆனாலும் ஒரு மேசைக்கு 500 கலோரியில் சாப்பாடு போகிறது, பக்கத்து மேசைக்கு 1,500 கலோரியில் போகிறது. மெக்சிகன் உணவகங்களில் இது அன்றாடம் நடப்பதுதான். "இது முழுக்க சீஸும் எண்ணெயும்" என்று ஒதுக்குகிறவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. "பீன்ஸ், சோளம், தக்காளிதானே, நல்லதுதான்" என்று நம்பிச் சாப்பிடுகிறவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. பண்டத்தின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இரண்டு பக்கமும் ஏமாறலாம். எதில் சுற்றியிருக்கிறது, எண்ணெயில் இறங்கி வந்ததா, மேலே என்ன ஊற்றியிருக்கிறது, எவ்வளவு பெரியது: இந்த நான்கையும் பார்த்தால் மெனுவில் எந்தப் பெயர் இருந்தாலும் ஓரளவு சரியாகக் கணித்துவிடலாம்.

கொஞ்சம் வரலாறு இங்கே கைகொடுக்கும். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே வயலில் சேர்த்து விளைவிக்கும் 'மில்பா' முறைதான் மெக்சிகோ சமையலின் அடித்தளம். அதோடு மிளகாய், தக்காளி, அவகாடோ, கள்ளி மடல். பன்றி, மாடு, கோதுமை எல்லாம் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு வந்தவை. பன்றிக் கொழுப்பு, சீஸ், கிரீம், மைதா டோர்டியா (மெல்லிய தட்டை ரொட்டி), எண்ணெயில் முக்கிப் பொரிப்பது ஆகியவை அவற்றுக்குப் பின்னால் வந்தன. உருக்கிய மஞ்சள் சீஸை அள்ளிக் கொட்டுவது டெக்சாஸ் பக்கத்து டெக்ஸ்-மெக்ஸ் பாணி. 2010இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக அறிவித்தது அந்தப் பழைய சமையலைத்தான். ஆகவே உடம்புக்கு ஒத்துவரும் தட்டைத் தேடி மெக்சிகன் சமையலை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. அதன் பழைய பக்கத்தைக் கேட்டு வாங்கினால் போதும்.

சோளமா, மைதாவா

முதல் முடிவு டோர்டியாவில். உள்ளே கறியும் காயும் வைத்து மடித்தால் டாகோ, சுருட்டி மூடினால் புரிட்டோ, டோர்டியா இல்லாமல் போட்டுத் தந்தால் கிண்ணம். பெரும்பாலானோர் யோசிக்காமல் கடந்துபோவதும் இதைத்தான்.

ஆறு அங்குல மக்காச்சோள டோர்டியா ஒன்றில் 50 முதல் 60 கலோரி, 12 கிராம் மாவுச்சத்து, ஒன்றரை கிராம் நார்ச்சத்து இருக்கும். உப்பு பெயருக்குத்தான். எட்டு அங்குல மைதா டோர்டியாவில் 140 கலோரிக்குக் குறையாது. புரிட்டோ சுற்றும் பன்னிரண்டு அங்குல மைதா டோர்டியா தனியாகவே 300 கலோரியைத் தாண்டும். அதில் 50 கிராம் மாவுச்சத்தும் 600 மில்லிகிராம் சோடியமும் உண்டு. உள்ளே எதுவும் வைப்பதற்கு முன்பே இந்தக் கணக்கு. ஐந்து சோள டோர்டியாக்களைச் சாப்பிட்டால்தான் அந்த ஒன்றுக்கு ஈடாகும்.

மைதா டோர்டியாவில் மாவோடு கொழுப்பும் உப்பும் சேர்த்துப் பிசைகிறார்கள். மடித்துச் சுருட்டும்போது கிழியாமல் இழுபடும் மென்மை அதனால்தான் வருகிறது. சோள டோர்டியாவில் சோளம், தண்ணீர், சுண்ணாம்பு மட்டுமே. ஒரு கிலோ சோளத்துக்கு ஏறத்தாழ 10 கிராம் சுண்ணாம்பு போட்டு வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் கழுவி அரைப்பார்கள். சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் இந்த முறையில்தான் உடலுக்குக் கிடைக்கும் வடிவத்துக்கு வருகிறது, கால்சியமும் கூடுகிறது. சுண்ணாம்பு முறையை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஐரோப்பிய ஊர்களிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஏழைகளை நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது. சோளத்தை நம்பியே வாழ்ந்த மெக்சிகோ கிராமங்கள் அதிலிருந்து தப்பியதற்கு இந்தச் சுண்ணாம்பு ஒரு முக்கியக் காரணம்.

மைதா டோர்டியாவை அந்நியச் சரக்கு என்றும் சொல்லிவிட முடியாது. சொனோரா போன்ற வட மெக்சிகோ மாநிலங்களில் அதுதான் வீட்டு உணவு. அளவு சிறியதாக இருந்தால் ஒன்றோ இரண்டோ சாப்பிடுவதில் தவறில்லை. பச்சை நிறக் கீரை டோர்டியா, சிவப்பு நிறத் தக்காளி டோர்டியா என்று விற்பதில் மட்டும் மயங்க வேண்டாம்: பெரும்பாலும் நிறம்தான் மாறுகிறது, கலோரி மாறுவதில்லை. முழுக்கோதுமை டோர்டியாவில் நார்ச்சத்து கூடும். கலோரி கிட்டத்தட்ட அதேதான்.

மொறுமொறுப்பான டாகோ ஓடு பற்றிப் பலர் நினைப்பது தலைகீழ். பொரித்தது என்பதால் அதுதான் மோசம் என்று மென்மையான மைதா டாகோவுக்கு மாறுகிறார்கள். ஓடு ஒன்று 12, 13 கிராம்தான். 60, 65 கலோரியோடு முடிந்துவிடும். எட்டு அங்குல மைதா டோர்டியா அதைப்போல் இரண்டு மடங்கு. ஓட்டைவிட உள்ளே வைக்கும் கொழுப்பு மிகுந்த கொத்துக்கறியும் மேலே தூவும் சீஸும்தான் கவனிக்க வேண்டியவை.

தெருவோர டாகோவில் சின்ன டோர்டியாக்களை இரண்டிரண்டாக அடுக்கிக் கொடுப்பார்கள். இறைச்சிச் சாறு ஊறிக் கிழியாமல் இருக்க அப்படி. ஒன்றில் போதும் என்றால் "உனா சோலா தோர்த்தியா" என்று சொல்லலாம். இல்லையென்றால் சிந்திய இறைச்சியைக் கீழ் டோர்டியாவில் வைத்து இன்னொரு டாகோவாகச் சாப்பிடலாம். மெக்சிகோக்காரர்களே அப்படிச் செய்வதுண்டு. கொழுப்பு குறைந்த இறைச்சி, வெங்காயம், கொத்தமல்லி, சால்சா என்ற காரச் சட்னி மட்டும் வைத்த தெரு டாகோ ஒன்று 150 முதல் 200 கலோரி. மூன்று சாப்பிட்டால் வயிறு நிறைந்த ஒரு வேளை ஆகிவிடும். மெக்சிகன் உணவகத்தில் யோசிக்க நேரமில்லை என்றால் இதையே கேட்டுவிடலாம். தவறாகப் போவது அரிது.

புரிட்டோவும் கிண்ணமும்: கூட்டிப் பார்த்தால்

வரிசையில் நின்று நாமே சொல்லிச் சேர்க்கும் கடைகளில் பரிமாறும் வழக்கமான அளவுகளை எடுத்துக்கொள்வோம். மைதா டோர்டியா 320 கலோரி, அரிசிச் சோறு 210, பீன்ஸ் 130, கோழி 180, தக்காளி சால்சா 25, சீஸ் 110, சவர் கிரீம் 110. மொத்தம் 1,085. ஒரு கரண்டி குவாகமோலே (அவகாடோ மசியல்) சேர்த்தால் இன்னொரு 230. கணக்கு 1,300ஐத் தாண்டுகிறது. குவாகமோலே இல்லாமலேயே சோடியம் 2,200 மில்லிகிராம் அளவுக்கு வந்துவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதே வரிசையில் லெட்டூஸ் இலைமேல் கருப்பு பீன்ஸ், கோழி, வதக்கிய குடைமிளகாய்-வெங்காயம், தக்காளி சால்சா, குவாகமோலே என்று கேட்டால் 585 கலோரி. புரதம் 40 கிராமுக்கு மேல், நார்ச்சத்து ஏறத்தாழ 15 கிராம். குவாகமோலேயைப் பாதியாகக் கேட்டால் 470. இரண்டிலும் கோழியும் பீன்ஸும் துளியும் குறையவில்லை. டோர்டியா, சோறு, சீஸ், கிரீம் நான்கும்தான் விலகின.

கிண்ணம் என்றாலே இலேசானது என்ற நினைப்பும் கூடாது. சோறு, பீன்ஸ், கோழி, சால்சா, சீஸ், கிரீம், குவாகமோலே எல்லாம் போட்ட கிண்ணம் 1,000 கலோரியை ஒட்டி வரும். டோர்டியாவைத் தவிர்த்தாயிற்றே என்ற தைரியத்தில் ஒரு பை டோர்டியா சிப்ஸையும் சேர்த்து வாங்குகிறார்கள். பையில் இன்னொரு 540 கலோரி. இப்போது எல்லாம் போட்ட புரிட்டோவையே முந்தியாயிற்று. கிண்ணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: டோர்டியாவுக்குள் சுருட்ட முடிகிற அளவு என்ற எல்லை அதற்கு இல்லை. பரிமாறுகிறவர் தாராளமாக அள்ளிப் போட இடம் இருக்கிறது.

சாலட் என்ற பெயரில் வரும் டாகோ சாலட் பல கடைகளில் புரிட்டோவுக்குச் சமம். சாலட் உட்கார்ந்திருக்கும் பூப்போன்ற கிண்ணமே பொரித்த பெரிய மைதா டோர்டியா. மேலே கொத்துக்கறி, சீஸ், சவர் கிரீம், போதாததற்கு டிரெஸ்ஸிங். தேன் கலந்த வினிகர் டிரெஸ்ஸிங் ஒரு சின்னக் கப்பில் 200 கலோரிக்கு மேலும், 800 மில்லிகிராமுக்கு மேல் சோடியமும் வைத்திருக்கும். சாலட் வேண்டும் என்றால் பொரித்த கிண்ணம் வேண்டாம், தட்டில் கொடுங்கள் என்று சொல்லி, டிரெஸ்ஸிங்குக்குப் பதில் சால்சாவும் எலுமிச்சையும் கேளுங்கள்.

புரிட்டோ மேல்தான் ஆசை என்றால் அதற்கும் வழி உண்டு. சோறு, பீன்ஸ் இரண்டில் பீன்ஸை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். சீஸ், கிரீம், குவாகமோலே மூன்றில் ஒன்று மட்டும். வெட்டித் தரச் சொல்லி, ஒரு பாதியைச் சாப்பிடத் தொடங்கும் முன்பே பொட்டலம் கட்டிவிடுங்கள். கண்ணெதிரே இருந்தால் அதுவும் போய்விடும்.

அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள சங்கிலி உணவகங்கள் மெனுவிலேயே கலோரியைப் போட வேண்டும் என்ற விதி 2018 மே மாதம் முதல் நடப்பில் இருக்கிறது. "540–1,200" என்பதுபோல் இடைவெளியோடு போட்டிருந்தால், கீழ் எண் இருப்பதிலேயே கலோரி குறைந்த சேர்க்கைக்கானது. நீங்கள் சொல்லும் ஒவ்வொரு "அதையும் போடுங்க" உங்களை மேல் எண்ணை நோக்கி நகர்த்துகிறது.

எண்ணெயில் இறங்கியதா

மெனுவில் சில சொற்களைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்குப் பரிமாறுபவரைக் கேட்காமலே விடை கிடைத்துவிடும். அசாதோ, ஆ லா பாரியா என்றால் தணலில் சுட்டது. ஆ லா பிளான்ச்சா என்றால் தகட்டில் வாட்டியது. ஆல் வபோர் என்றால் ஆவியில் வெந்தது. இவை நம் பக்கம். ஃப்ரீத்தோ, தொராதோ என்றால் பொரித்தது. கபேயாதோ என்றால் மாவில் தோய்த்துப் பொரித்தது. எம்பனிசாதோ என்றால் ரொட்டித்தூள் பூசிப் பொரித்தது. மீன் டாகோ என்றதும் இலேசானது என்று தோன்றும். மெக்சிகோவின் பாஹா பகுதிப் பாணி மீன் டாகோவில் மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே மயோனைஸ் கலந்த கிரீம் ஊற்றுவார்கள். அதே மீனை "ஆ லா பிளான்ச்சா" கேட்டு, முட்டைக்கோசும் எலுமிச்சையும் மட்டும் வைத்தால் கலோரி பாதியை ஒட்டி இறங்கிவிடும்.

சிமிசாங்கா என்பது முழு புரிட்டோவை எண்ணெயில் பொரித்தது; அதைப் பற்றி வேறு பேச்சு வேண்டாம். ஃப்ளௌத்தா, டகீட்டோ இரண்டும் சுருட்டிப் பொரித்த டோர்டியா. சீலே ரெயேனோ நல்ல பொப்ளானோ மிளகாய்தான். ஆனால் உள்ளே சீஸ் அடைத்து, அடித்த முட்டையில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். அந்த முட்டைப் போர்வை எண்ணெயை நன்றாகக் குடிக்கும்.

பலரை ஏமாற்றுவது என்சிலாடா. தட்டில் குழம்பு ஊற்றி வருவதால் பொரித்ததாகவே தெரியாது. சமையலறையில் நடப்பது வேறு. ஆறிய சோள டோர்டியாவை நேராகச் சுருட்டினால் விரிசல் விட்டு உடையும். ஆறும்போது மாவுச்சத்து இறுகிப்போவதுதான் காரணம். அதனால் ஒவ்வொரு டோர்டியாவையும் சூடான எண்ணெயில் பக்கத்துக்குச் சில வினாடிகள் முக்கி எடுக்கிறார்கள். அது இளகி வளைகிறது, குழம்பில் ஊறினாலும் கரையாமல் நிற்கிறது. எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தால் டோர்டியா குறைவாகவே குடிக்கும். கூட்ட நேரத்தில் அடுத்தடுத்துப் போட்டு எண்ணெயின் சூடு இறங்கிவிட்டால் அதிகம் உறிஞ்சும். ஒரு டோர்டியாவுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்றாலும் 40 கலோரி. மூன்று என்சிலாடாவில் 120. இவ்வளவு ஏற்கக்கூடியதுதான். உள்ளே கோழி, மேலே பச்சை டொமட்டியோ (தக்காளி போன்ற புளிப்புக் காய்) சால்சா, சிட்டிகை சீஸ் என்று வந்தால் என்சிலாடா நல்ல தேர்வே. சுயிசாஸ் என்ற பெயரில் வந்தால் கிரீமும் உருகிய சீஸும் முழுக்க மூடி வரும். உள்ளேயும் சீஸ் என்றால் தட்டு இரண்டு மடங்கு கனக்கும்.

இப்போது எங்கும் பரவியிருக்கும் கேசபிர்ரியா டாகோவையும் சொல்லவேண்டும். பிர்ரியா கறியை வேகவைத்த குழம்பின் மேலே மிதக்கும் சிவந்த கொழுப்பில் டோர்டியாவைத் தோய்த்து, சீஸ் வைத்து, தகட்டில் முறுகலாக வாட்டுகிறார்கள். சுவை அபாரம். ஒரே கடியில் கொழுப்பு மூன்று வழியில் உள்ளே போகிறது. மூன்று வாங்குவதற்குப் பதில் ஒன்றை வாங்கி, கூடவே சாதாரண டாகோ இரண்டு எடுத்துக்கொள்வது நியாயமான சமாதானம்.

இறைச்சியில் இருக்கும் வித்தியாசம்

சுட்ட கோழி, வாட்டிய மீன், இறால் முதல் வரிசை. தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 165 கலோரி. கார்னே அசாதா மெல்லிய மாட்டிறைச்சித் துண்டு. கொழுப்பை நறுக்கியெடுத்தது என்றால் அதுவும் பரவாயில்லை. அல் பாஸ்தோர் செங்குத்துக் கம்பியில் சுழன்று வேகும் பன்றிக்கறி. கொழுப்பில் ஒரு பங்கு வடிந்துவிடும், ஆகவே நடுவில் வைக்கலாம். கார்னிட்டாஸ் பன்றிக்கறியைப் பன்றிக் கொழுப்பிலேயே வேகவைப்பது. காரமான பன்றித் தொத்திறைச்சியான சொரீசோவுக்குக் கொழுப்பில் நிகர் எதுவுமில்லை: 100 கிராமில் 450 கலோரி, அதில் கொழுப்பு மட்டும் 38 கிராம். காலையில் முட்டையோடு சொரீசோ வாங்குவதற்கும், தக்காளி-வெங்காயம்-மிளகாய் போட்ட 'ஆ லா மெஹிக்கானா' முட்டை வாங்குவதற்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது.

ஃபஹீட்டா தட்டு நல்ல தொடக்கம், மோசமான முடிவு. சுட்ட இறைச்சியும் வதக்கிய காயும் புகைய வருவது சிறப்பு. கூடவே வரும் நாலு மைதா டோர்டியா, சோறு, சீஸ், சவர் கிரீம் ஆகியவைதான் கணக்கைக் கெடுக்கின்றன. சோள டோர்டியா இரண்டு, சோற்றுக்குப் பதில் இன்னொரு பங்கு காய், கிரீம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மெனுவிலேயே இதுதான் சிறந்த தட்டு என்பது என் கணிப்பு. ஓசையோடு புகை கிளம்ப, சூடான தகட்டில் கடைசி நேரத்தில் வெண்ணெய் ஊற்றும் கடைகளும் உண்டு. வேண்டாம் என்றால் முன்பே சொல்லவேண்டும்.

சூப் வகைகளை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது வருத்தம்தான். கோழிக் கால்டோ, யுகதானின் எலுமிச்சை சூப், சோளமணியும் கறியும் சேர்ந்த பொசோலே ஆகியவை வயிற்றை நிறைத்தும் கலோரியில் அடக்கமானவை. பொசோலேயில் மேலே போடும் முட்டைக்கோஸ், முள்ளங்கி, வெங்காயத்தை இரட்டிப்பாகக் கேட்கலாம். உப்பு மட்டும் இவற்றில் மிகுதி. மேலே தூவும் பொரித்த டோர்டியாத் துண்டுகளைத் தனியாகத் தரச் சொல்லவும்.

பீன்ஸ்: மூன்று வகை, மூன்று கணக்கு

அரை கப் வெந்த கருப்பு பீன்ஸில் 115 கலோரி, 7.5 கிராம் புரதம், அதே அளவு நார்ச்சத்து. இந்த அளவு நார்ச்சத்தைச் சோறும் தராது, டோர்டியாவும் தராது. ஆகவே தட்டில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். ஆனால் எந்த பீன்ஸ் என்று கேட்க வேண்டும். 'தே லா ஒயா' என்பது பானையில் வெங்காயத்தோடு வெந்த முழு பீன்ஸ். எண்ணெய் இல்லை என்றே சொல்லலாம். 'ரெஃப்ரீத்தோஸ்' என்பது மசித்துக் கொழுப்பில் வதக்கியது. பழைய முறையில் அந்தக் கொழுப்பு பன்றிக் கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டியில் 115 கலோரி, 5 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. எவ்வளவு ஊற்றினார்கள் என்பது சமைத்தவருக்குத்தான் தெரியும். 'சார்ரோஸ்' என்பதில் பேக்கனும் சொரீசோவும் மிதக்கும்.

சோறும் பீன்ஸும் சேர்ந்தே வருவது வழக்கம். மெக்சிகன் சோற்றில் அரிசியை முதலில் எண்ணெயில் சிவக்க வறுத்து, பிறகு தக்காளிச் சாறில் வேகவைக்கிறார்கள். டோர்டியாவும் இருக்கிறபோது சோறு மூன்றாவது மாவுச்சத்து. "சோறு வேண்டாம், அந்த இடத்தில் பீன்ஸ் இன்னொரு பங்கு" என்றால் பெரும்பாலான கடைகளில் மறுப்பதில்லை.

மேலே போடுபவை

சால்சாவைத் தாராளமாக அள்ளலாம், கலோரி கண்ணுக்கே தெரியாது. உப்பு மட்டும் தெரியும். ஒரு கரண்டி தக்காளி சால்சாவில் 500 மில்லிகிராம் சோடியம் வரை போகிறது; பச்சை டொமட்டியோ சால்சாவில் பல கடைகளில் அதில் பாதிதான்.

குவாகமோலேயா, சவர் கிரீமா, சீஸா என்ற கேள்வியில் கலோரியை மட்டும் பார்த்தால் குவாகமோலே தோற்றுவிடும். கரண்டிக்கு 230, மற்றவை 110. ஆனால் அவகாடோவின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாதது, 100 கிராமுக்கு 6, 7 கிராம் நார்ச்சத்தும் அதில் உண்டு. கிரீமில் நார்ச்சத்து துளியும் இல்லை; கொழுப்பில் பாதிக்கு மேல் நிறைவுற்றது. அரைக் கரண்டி குவாகமோலே, சீஸும் கிரீமும் இல்லாமல்: எடையையும் இதயத்தையும் சேர்த்து யோசித்தால் இந்த இடம்தான் சரி. சீஸ் இல்லாமல் இறங்காது என்றால், கட்டியாக உருகும் சீஸுக்குப் பதில் உதிர்த்துத் தூவும் கேசோ ஃப்ரெஸ்கோவைக் கேளுங்கள். கொஞ்சம் தூவினாலே சுவை தெரியும். கொதீஹாவும் உதிரிதான், உப்பு மிக அதிகம்.

மேசைக்கு இலவசமாக வரும் சிப்ஸ் கூடையைப் பற்றி இரண்டே வரி. பத்துப் பன்னிரண்டு சிப்ஸ் 28 கிராம், 140 கலோரி. பசியோடு உட்கார்ந்தவர் கூடையை எண்ணிச் சாப்பிடுவதில்லை, காலியானதும் நிரப்பியும் விடுவார்கள். சாப்பாட்டோடு கொண்டுவரச் சொல்லலாம், அல்லது ஒரு கைப்பிடியைத் தட்டில் எடுத்துக்கொண்டு கூடையைத் திருப்பி அனுப்பலாம். நாச்சோஸ் என்பது அதே சிப்ஸின் மேல் சீஸ், கறி, கிரீம் எல்லாம் ஏறியது. ஒரு தட்டு 1,000 கலோரியைத் தாண்டுவது சாதாரணம். நாலு பேர் பகிர்ந்தால் மட்டும் வாங்குங்கள்.

குடிப்பது

355 மில்லி சோடா ஒன்றில் 39 கிராம் சர்க்கரை. மெக்சிகோ அரசு 2014 தொடக்கத்திலிருந்து இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ என்று தனி வரி போடத் தொடங்கியதும், 2020 அக்டோபர் முதல் பொட்டல உணவுகளில் சர்க்கரை, சோடியம், கலோரி மிகுதி என்று கருப்பு எண்கோண எச்சரிக்கைகளைப் பதிக்க வைத்ததும் இந்தக் கவலையில்தான். அங்கே கடையில் டோர்டியாவோ சால்சாவோ வாங்கும்போது அந்த எண்கோணங்களை எண்ணிப் பார்த்தாலே இரண்டு பொட்டலங்களை ஒப்பிட்டுவிடலாம்.

செம்பருத்தி இனப் பூவின் புல்லியிதழில் செய்த ஹமைக்காவும், அரிசியும் பட்டையும் சேர்ந்த ஓர்ச்சாட்டாவும் இயற்கைப் பானம் என்று நினைத்துக் குடிக்கிறோம். இரண்டிலும் சர்க்கரை தாராளம். ஹமைக்காவைச் சோடாத் தண்ணீர் பாதி சேர்த்துக் குடிக்கலாம். இயல்பிலேயே புளிப்பானது என்பதால் சுவை கெடாது. மது அருந்துபவர்களுக்கு: 60 மில்லி டெக்கீலா 130 கலோரி. ஆரஞ்சு லிக்கரும் இனிப்புப் பாகும் சேர்ந்து மார்கரிட்டா ஆகும்போது 300ஐத் தொடும். பெரிய கோப்பையில் பனிக்கூழாக வருவது அதற்கும் மேலே. டெக்கீலாவை எலுமிச்சையும் சோடாத் தண்ணீரும் சேர்த்துக் கேட்டால் 130ஓடு நிற்கும்.

யாருக்கு எது

சர்க்கரை நோய் உள்ளவர்கள் டோர்டியா, சோறு, பீன்ஸ் மூன்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒரு வேளைக்கு 45 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்று மருத்துவர் வகுத்துக் கொடுத்திருந்தால், சோள டோர்டியா இரண்டும் அரை கப் பீன்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 45இல் முடியும். சோறு வைத்த பெரிய புரிட்டோவில் 110 கிராமுக்கு மேல். கள்ளி மடலான நொபாலை மெனுவில் பார்த்தால் வாங்குங்கள்: கலோரி மிகக் குறைவு, நார்ச்சத்து உண்டு, சுட்டுத் தந்தால் டாகோவுக்குள் இறைச்சியின் இடத்தை நிரப்பும்.

இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பெரிய எதிரி மைதா டோர்டியாவும் சால்சாவும் சீஸும் சேர்ந்த உப்பு. சோள டோர்டியாவுக்கு மாறுங்கள். சால்சாவைக் குறைத்து, நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு கேளுங்கள். சிறுநீரகக் கோளாறில் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்கு அவகாடோ, பீன்ஸ், தக்காளி மூன்றுமே கணக்கில் வரும். அவர்கள் இங்கே சொன்னதை அப்படியே பின்பற்றாமல் மருத்துவரின் அளவை வைத்துக்கொள்ள வேண்டும்.

சைவர்கள் கறியில்லாத பண்டம் என்று சீஸ் கேசடியாவையோ (சீஸ் வைத்து மடித்து வாட்டிய டோர்டியா) சீஸ் என்சிலாடாவையோ வாங்கினால், சுட்ட கோழி டாகோவைவிடக் கனமான சாப்பாடாக முடிகிறது. பீன்ஸ் டாகோ, காளான், பூசணிப்பூ, நொபால், வதக்கிய சுரைக்காய் இனங்கள் மேல். ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பீன்ஸிலும், ஆவியில் வேகும் சோளமாவுப் பண்டமான தமாலேயின் மாவிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சோறும் மோலே என்ற மிளகாய்க் குழம்பும் கோழிச் சாறில் வெந்திருக்கலாம். தமாலேயில் ஒரு கிலோ மாவுக்குக் கால் கிலோ கொழுப்பு வரை போட்டு அடித்துப் பிசைவது வழக்கம். மாவு பஞ்சுபோல் வேகுவது அதனால்தான். "சின் மன்தேக்கா, சின் கால்டோ தே போயோ" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

கோதுமை ஒவ்வாதவர்கள் சோள டோர்டியா என்று கேட்டால் மட்டும் போதாது. சில கடைகளில் மைதா கலக்கிறார்கள், ஒரே தகட்டில் இரண்டையும் சுடுகிறார்கள், மோலேயைக் கெட்டியாக்க ரொட்டியும் சேரும். கர்ப்பிணிகள் காய்ச்சிப் பதப்படுத்தாத பாலில் செய்த மென்சீஸையும், பச்சை மீனில் செய்த செவீச்சேயையும் தவிர்க்கவேண்டும். எலுமிச்சைச் சாறில் ஊறிய மீன் வெளுத்து வெந்ததுபோலத் தெரியும். கிருமியும் ஒட்டுண்ணியும் அதில் முழுக்கச் சாவதில்லை.

வீட்டில் செய்தால்

கடைத் தட்டில் நம் கைக்குச் சிக்காத எண்ணெயும் உப்பும் வீட்டில் முழுக்க நம் கையில். இரண்டு கப் வெந்த பீன்ஸுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். வெங்காயத்தை நன்றாகச் சிவக்கவிட்டு, பீன்ஸ் வெந்த தண்ணீரை அரை கப் ஊற்றி மசித்தால் ரெஃப்ரீத்தோஸின் பதம் வந்துவிடும். பலர் வெறும் பீன்ஸை மசித்துவிட்டு வறண்டுபோகிறதே என்று எண்ணெயை ஊற்றிக்கொண்டே போகிறார்கள். அங்கே வேண்டியது தண்ணீர். டப்பா பீன்ஸ் என்றால் வடித்து, ஓடும் நீரில் அலசினால் சோடியம் சுமார் 40 சதவீதம் குறையும். உலர்ந்த பீன்ஸ், அதிலும் சிவப்பு கிட்னி பீன்ஸ், என்றால் ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டபிறகே தீயைக் குறைக்கவேண்டும். மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேராகப் போட்டால் அதிலுள்ள நச்சுப் புரதம் அழியாமல் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

சவர் கிரீமுக்குப் பதில் கெட்டித் தயிர் அரை கப், எலுமிச்சைச் சாறு இரண்டு டீஸ்பூன், சிட்டிகை உப்பு. என்சிலாடாவுக்கு டோர்டியாவை எண்ணெயில் முக்காமல், இரண்டு பக்கமும் தூரிகையால் மெல்ல எண்ணெய் தடவி, 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் மூன்று நான்கு நிமிடம் வைத்தால் வளையும் பதம் கிடைக்கும். அதற்கு மேல் வைத்தால் முறுகிவிடும். குழம்பில் தோய்த்ததும் சுருட்டிப் பரிமாறிவிட வேண்டும். முழுக்கப் பொரிக்காததால் நேரம் போனால் ஊறிக் குழைந்துவிடும். டாகோவுக்கு அதுவும் வேண்டாம்: காய்ந்த தகட்டில் பக்கத்துக்கு 30 வினாடி, ஓரங்களில் பழுப்புப் புள்ளி தெரியும்வரை சுட்டு, உடனே துணியில் சுற்றி மூடிவையுங்கள். அந்த ஆவியில் ஐந்து நிமிடம் இருந்தால் எந்த டோர்டியாவும் உடையாமல் மடியும்.